110 கொரோலாவுக்குத் தடித்த சத்தம்: அக்கரைப்பற்றுத் தம்பிக்கு என் பதில்

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, 110 என்று சொல்லும் மாடல். பின் சைலன்சரை வெட்டி எறிந்துவிட்டு நேர் பைப் அடித்தால் ஸ்போர்ட்ஸ் கார் சத்தம் வருமா, பவரும் கூடுமா என்பது கேள்வி. கடைசியில் அவர் சேர்த்திருக்கும் வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கூட்டாளி ஒருவர் ஏற்கெனவே அப்படிச் செய்து, அந்த வாகனம் "தகரம் மாதிரிக் கத்துது" என்கிறார். தனக்கு வேண்டியது "அடிக்குரல் மாதிரித் தடித்த சத்தம்" என்கிறார். ஆகவே சத்தத்தை எப்படிக் கூட்டுவது என்று அவர் கேட்பதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சினிலிருந்து வரும் சத்தத்தில் எதை வெளியே விடுவது, எதை உள்ளேயே நிறுத்துவது என்பதுதான் அவர் கேள்வி. அப்படிப் பார்த்தால் பதில் முதலிலேயே கிடைத்துவிடுகிறது: வெட்டி எறிந்தால் அந்தச் சத்தம் வராது. சரியான சைலன்சர் டப்பாவைச் சேர்த்தால்தான் வரும். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். காரணம் விளங்கினால், நாளைக்கு யாராவது கராஜில் "இதைப் போடுங்க, சும்மா அதிரும்" என்று சொல்லும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

நான் கட்டாரில் ஏழு வருடம் ஒரு கராஜில் வெல்டிங் செய்துவிட்டு வந்து, மட்டக்களப்பு கல்லடியில் இருபத்திரண்டு வருடமாகச் சைலன்சர் வேலை பார்க்கிறேன். இங்கே சொல்வதில் பெரும்பகுதி கையால் செய்து, காதால் கேட்டு, பிழைவிட்டுத் திருத்தியது. கணக்குகள் எல்லாம் பாடப்புத்தகக் கணக்குகள், நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் எஞ்சினில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒருமுறை வெடிக்கும். அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடி. சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 750 சுற்று என்றால், செக்கனுக்கு 25 வெடி. 3000 சுற்றில் 100, 6000 சுற்றில் 200. நீங்கள் "அடிக்குரல்" என்று சொல்வது இந்த வெடிப்புகளின் தாளம்தான். ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் மெதுவாக வெளியே வருவதில்லை. வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில் உள்ளே இன்னும் அழுத்தம் நிறைய இருக்கும், அது குழாய்க்குள் ஒரு அறை விழுந்த மாதிரிப் பாயும். அந்த அறைக்குள் தாழ்ந்த சத்தம் மட்டுமில்லை, அதன் மடங்குகளாக மேலே மேலே போகிற கீச்சுச் சத்தங்களும் அடங்கியிருக்கும். ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு ஆயிரம் அதிர்வுக்கு, மேலே உள்ள அந்தக் கூட்டம்தான் தகரச் சத்தம். நேர் பைப்பில் தாழ்ந்ததும் வரும், கீச்சும் வரும். மனிதக் காதுக்கு அந்தக் கீச்சு கூர்மையாகக் கேட்பதால் தாழ்ந்த சத்தம் அதற்குள் அமுங்கிப்போகிறது. உங்கள் கூட்டாளியின் வாகனத்தில் அடிக்குரல் இல்லாமல் இல்லை. மேலே கத்துகிற சத்தம் அதை மூடிவிடுகிறது.

இதில் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். வரிசையில் நிற்கும் நாலு சிலிண்டர் எஞ்சினில் வெடிகள் சம இடைவெளியில் வரும். அமெரிக்க வி8 எஞ்சினின் குமுறல், ஒவ்வொரு பக்கக் குழாய்க்குள்ளும் வெடிகள் சமனில்லாமல் வந்து சேர்வதால் பிறப்பது. சுபாரு கார்களின் அந்தப் பெயர்பெற்ற உறுமலும் சிலிண்டர்களிலிருந்து புகையை எடுத்துவரும் மெனிஃபோல்ட் குழாய்களின் நீளம் சமனில்லாததால் வருவது, சமநீளக் குழாய் போட்டால் அதுவும் போய்விடும். ஆகவே எந்த டப்பா போட்டாலும் கொரோலா வி8 ஆகாது. ஆனால் நல்ல நாலு சிலிண்டர் சத்தம் என்று ஒன்று இருக்கிறது. சுத்தமாக, வட்டமாக, 3000 சுற்றுக்கு மேல் மெல்ல இறுகி வரும். அதை உங்கள் வாகனத்தில் கொண்டுவரலாம்.

இனி டப்பாக்கள். உங்கள் வாகனத்துக்கு அடியில் முன்னிருந்து பின்னாக மெனிஃபோல்ட், புகையின் நஞ்சைக் குறைக்கும் கற்றலிட்டிக் கன்வேட்டர், நாங்கள் நடு டப்பா என்று சொல்லும் ரெசனேட்டர், கடைசியாகப் பின் சைலன்சர் இருக்கும். கொம்பனிப் பின் சைலன்சருக்குள் பஞ்சு கிடையாது அல்லது கொஞ்சம்தான். தகடு வைத்து அறைகளாகப் பிரித்து, காற்றை முன்னும் பின்னும் திருப்பி, ஒரு அலை திரும்பி வந்து அடுத்த அலையை அடித்து அழிக்கும்படி செய்திருப்பார்கள். அந்த முறை தாழ்ந்த சத்தத்தை நன்றாக அழிக்கும். வீட்டுக்கார் அமைதியாக ஓடவேண்டும் என்பது அவர்கள் நோக்கம், அதனால் நீங்கள் விரும்பும் சத்தத்தையே குறிபார்த்துக் கொன்றிருக்கிறார்கள். மற்ற வகையில், துளையிட்ட குழாய் டப்பாவின் நடுவால் நேராகப் போகும், சுற்றிவரக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும். பஞ்சு கீச்சுச் சத்தத்தை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும், தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகத் தொடாது. உங்களுக்கு வேண்டியதும் இதுதான்: மேலே உள்ளதைக் குடித்துவிட்டுக் கீழே உள்ளதை விட்டுவிடும் டப்பா.

ஆகவே என் யோசனை: மெனிஃபோல்ட்டைத் தொடாதீர்கள், கன்வேட்டரைத் தொடாதீர்கள், நடு டப்பாவையும் விட்டுவிடுங்கள். நடு டப்பாவைக் கழற்றினால் கீச்சு திரும்பவும் தலைதூக்கும், பிறகு பின்னால் எவ்வளவு பஞ்சு அடைத்தும் முழுதாகப் போகாது. பின் சைலன்சரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சு அடைத்த நேர்வழி டப்பா, இடம் கொள்ளும் அளவுக்குப் பெரியதாக. சின்ன டப்பாவில் அழகான சத்தம் எடுக்கவே முடியாது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. 110க்கு நான் செய்வது முட்டை வடிவம், 9 அங்குலத்துக்கு 5 அங்குலம், நீளம் 20 அங்குலம். உள் கொள்ளளவு 11 லீற்றருக்குச் சற்று மேலே வரும். உள்ளே 3 மில்லிமீற்றர் துளைகள் நெருக்கமாக இட்ட குழாய். அதன்மேல் முதலில் உருக்குக் கம்பிப் பஞ்சு ஒரு சுற்று, அதற்கு மேலேதான் கண்ணாடிப் பஞ்சு. கம்பிப் பஞ்சு இல்லாவிட்டால் காற்றின் அடி கண்ணாடிப் பஞ்சைத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போய்விடும். ஆறு மாதத்தில் டப்பா வெறுமையாகி, சத்தம் தகரமாகிவிடும். கூரைக்கும் குளிர் அறைக்கும் போடும் பஞ்சை வாங்கி அடைக்கிறவர்கள் உண்டு. அதை ஒட்டவைத்திருக்கும் பசை சூட்டில் எரிந்துபோகும், பஞ்சு பொடியாகும். சைலன்சருக்கென்று விற்கும் நீள இழைப் பஞ்சைத்தான் கேட்டு வாங்கவேண்டும். அடைக்கும்போது கையால் அமுக்கினால் மெல்லத் திரும்பி எழும்பவேண்டும். கல் மாதிரி இறுகினால் சத்தம் உள்ளே நுழையாது, தொளதொளவென்று கிடந்தால் நிலைக்காது.

குழாயின் அகலம் பற்றி எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கிறது, பெரிதாகப் போட்டால் நல்லது என்று. ஒன்றேமுக்கால் அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் வாயின் பரப்பு இரண்டு மடங்காகிறது. உங்கள் 1498 சீசீ எஞ்சின் அனுப்பும் காற்றின் அளவு அதேதான், ஆகவே குழாய்க்குள் அதன் வேகம் பாதியாகிறது. காற்று வேகமாகப் போனால்தான் ஒரு வெடிப்பின் பின்னிழுப்பு அடுத்த சிலிண்டரின் மிச்சப் புகையை இழுத்து வெளியே எடுக்கும். வேகம் குறைந்தால் கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். சந்தையடி நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்துபோகும்போது அதை உணர்வீர்கள். "எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும்" என்று கராஜ்களில் சொல்வது இதைத் தவறாக விளங்கிக்கொண்டு சொல்வது. பின்னழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நன்மை செய்வதில்லை, வேண்டியது வேகம். 110க்கு கொம்பனி அளவையே வைத்துக்கொள்ளலாம், மிஞ்சினால் இரண்டு அங்குலம். அதற்கு மேலே நான் அடித்துக் கொடுப்பதில்லை.

பவர் கூடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தடை குறைந்தால், மேல் சுற்றில் எஞ்சின் புகையைத் தள்ளச் செலவழிக்கும் சக்தி குறையும். அது உறுதி. ஆனால் உங்கள் வாகனத்தின் 5ஏ எஞ்சின் புதிதாக இருந்தபோதே ஏறக்குறைய 100 குதிரைத்திறன்தான். பின் டப்பாவை மட்டும் மாற்றி அதில் கிடைக்கும் கூடுதல், இருக்கையில் இருந்தபடி உணரக்கூடிய அளவு இல்லை. "பத்துக் குதிரை கூடும்" என்று யாராவது சொன்னால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பவர் அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றி அளந்த தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் அது நம்பிக்கை, அளவு இல்லை. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனம் நினைக்கும். எனக்கே பலமுறை அப்படித் தோன்றியிருக்கிறது, மணிக்கூட்டை வைத்துப் பார்த்தால் அதே நேரம்தான். சத்தத்துக்காகச் செய்கிறேன் என்று சொல்லிச் செய்யுங்கள். அதுவே நியாயமான ஆசை, அதற்குப் பவரைச் சாட்டுச் சொல்லத் தேவையில்லை.

மூன்று வருடத்துக்கு முன் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பெடியன் வந்தான். அவனுடையதும் 110. வேறொரு இடத்தில் நேர் பைப் அடித்து இரண்டு கிழமை ஓடியிருக்கிறான். தாயை மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு கிளினிக் கூட்டிவருவது அவன் வழக்கம். அந்த அம்மா சொன்னாராம்: "மனே, இதுக்குள்ள இரிந்தா தலையிடிக்குது, நான் பஸ்ஸிலயே வாறன்." சொல்லும்போது அவன் முகம் சிரிக்கவில்லை. வாகனத்தில் ஏறி களுவாஞ்சிக்குடிப் பக்கமாக அவனோடு ஓடிப் பார்த்தேன். ஐந்தாம் கியரில் 70இல் போகும்போது ஸ்டியரிங் நடுங்கவில்லை, கண்ணாடி நடுங்கவில்லை, ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ அமுக்குகிற மாதிரி "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் நின்றுகொண்டே இருந்தது. கண்ணாடியை இறக்கினால் குறைந்தது, ஏற்றினால் திரும்ப வந்தது. இதைத்தான் நாங்கள் இரைச்சல் என்கிறோம். வெளியில் நிற்பவனுக்குக் கேட்காது, உள்ளே இருப்பவனைக் களைக்கவைக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இதன் காரணம் தெரியும். 70இல் போகும்போது சுற்று மானியில் 2400. செக்கனுக்கு 80 வெடி, அதாவது 80 ஹேர்ட்ஸ். மூடிய கார் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கும் தனக்கென்று விருப்பமான ஒரு சுருதி உண்டு. குழாயிலிருந்து வரும் சுருதியும் பெட்டியின் சுருதியும் ஒன்றாகும் இடத்தில் அது பெருகும். எங்கள் பகுதியில் றோட்டு சமதரை. மலைநாட்டைப் போலக் கியர் மாற்றி மாற்றி ஓடுவதில்லை, கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒரே கியரில் ஒரே வேகத்தில் போகலாம். ஆகவே இரைச்சல் விழும் சுற்றும் நீங்கள் ஓடும் சுற்றும் ஒன்றாகிவிட்டால் பயணம் முழுக்க அதற்குள்ளேயே இருப்பீர்கள். நேர் பைப் அடிப்பவர்கள் கராஜ் வாசலில் மூன்றுமுறை அக்சிலேட்டர் மிதித்துப் பார்த்துவிட்டுச் சந்தோசப்படுகிறார்கள். தீர்ப்பு அங்கே இல்லை. ஒலுவில் தாண்டி நேர் றோட்டில் கண்ணாடி ஏற்றிப் போகும்போதுதான் தெரியும்.

அந்தப் பெடியனுக்குப் பின்னால் மேலே சொன்ன டப்பாவைச் செய்து போட்டேன். கீச்சு முழுக்கப் போய்விட்டது, இரைச்சல் பாதிதான் குறைந்தது. அதற்கு ஒரு வைத்தியம் உண்டு, ஒரு முனை மூடிய கிளைக் குழாய். பிரதான குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, மறுமுனையை அடைத்துவிடுவது. அதற்குள் போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பி வரும்போது, பிரதான குழாயில் அதே நேரம் போகும் அலைக்கு நேரெதிராக வந்து அதை அழிக்கும். நீளம் அந்த அலைநீளத்தில் நாலில் ஒன்று இருக்கவேண்டும். 230 பாகைச் சூட்டில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 450 மீற்றர் போகும். 80 ஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் ஐந்தரை மீற்றருக்குக் கிட்ட, நாலில் ஒன்று 1.4 மீற்றர். ஆனால் மூடிய கிளைக்குள் காற்று ஓடுவதில்லை, அது பிரதான குழாயைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்தால் சத்தத்தின் வேகம் குறையும், ஆகவே சரியான நீளம் கணக்கைவிடக் குறைவாகவே வரும். அதனால் கணக்கின் நீளத்துக்கு வெட்டி, மூடியை வெல்ட் பண்ணாமல் கிளாம்ப் போட்டு, ஓடிப் பார்த்து இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாகக் குறைத்தேன். மூன்றாம் முறை ஓடும்போது அந்த "ம்ம்ம்" அறுந்து விழுந்தது. வேகம் 60 ஆனாலும் 80 ஆனாலும் சற்று இருந்தது, 70இல் இல்லை. இது ஒரு சுருதியை மட்டும் கொல்லும் மருந்து, அதை எந்த வேகத்தில் கொல்லவேண்டும் என்று வாகனக்காரர்தான் சொல்லவேண்டும். அவனுடைய அம்மா இப்போது காரில்தான் வருகிறார்.

இரும்பைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் சைலன்சர் பேசமுடியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவில் உப்புக்காற்றுக்குள் வாகனத்தை நிறுத்துகிறோம். வெளியிலிருந்து உப்பு தின்கிறது. உள்ளிருந்து தின்பது தண்ணீர், அதைப் பலர் நம்பமாட்டார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கிறது. நீண்ட தூரம் ஓடினால் ஆவியாகவே போய்விடும். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் மட்டும் இரண்டு கிலோமீற்றர் ஓடும் வாகனத்தில் டப்பா சூடாவதற்குள் பயணம் முடிந்து, தண்ணீர் பின் டப்பாவின் அடியில் தேங்கி நிற்கும். அதை வடிப்பதற்காகவே பல கொம்பனி டப்பாக்களின் அடியில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அதைத் துரு விழுந்த ஓட்டை என்று நினைத்து வெல்ட் வைத்து அடைத்துக் கொண்டுவந்த வாகனங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒரு மழைக்காலம் முடிய அடித்தட்டு முழுவதும் பிய்ந்து வந்திருக்கும். புதிதாகச் செய்யும் டப்பாவிலும் வளைவின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று விடச் சொல்லுங்கள்.

இங்கே துருப்பிடிக்காத உருக்கு, 304 என்று கேட்டு வாங்குவது, காசுக்குத் தகுந்தது. ஆனால் அது சூட்டில் சாதாரண இரும்பைவிடக் கூட நீளும். மூன்று மீற்றர் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் நீளும். பிடிப்பு ரப்பர்களை எடுத்துவிட்டு இரும்புத் துண்டு வைத்து அடித்து வெல்ட் பண்ணினால், அந்த 15 மில்லிமீற்றர் போக வழியில்லாமல் மெனிஃபோல்ட் பக்கம் வெடிப்பு விழும். ரப்பர் புதிதாகப் போடுங்கள், வளையும் குழாய்த் துண்டு இருந்தால் அதை வெட்டி எறிய விடாதீர்கள். மெல்லிய தகட்டுக் குழாயும் வேண்டாம், அது தானே மணி மாதிரி அதிரும். ஸ்பானரால் தட்டிப் பாருங்கள், "டிங்" என்று நீளமாக ஒலித்தால் அது உங்கள் சத்தத்திலும் கேட்கும். தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப்பை ஒருபோதும் போட விடாதீர்கள். மலிவு என்று அடிக்கிறார்கள். அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம், வெல்ட் வைக்கும்போது வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்றிரவு குளிர் காய்ச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது. பால் குடித்தால் சரி என்று சொல்வார்கள், பால் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. உங்கள் சத்தத்துக்காக இன்னொருவரின் நெஞ்சு பழுதாகக்கூடாது.

கன்வேட்டரைத் தொடாதீர்கள் என்றேன். சத்தம் திறக்கும் என்று சொல்லி உள்ளே இருக்கும் தேன்கூட்டை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்பப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேன்கூட்டில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கிறது, அதற்கு விலை உண்டு. எடுப்பவர் உங்களுக்காக மட்டும் எடுப்பதில்லை. அது இல்லாவிட்டால் எரியாத பெற்றோலும் காபன் மொனொக்சைட்டும் அப்படியே வெளியே வரும், பின்னால் நிற்பவருக்குக் கண் எரியும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் சும்மா ஓடவிட்டும் 2500 சுற்றில் வைத்தும் பார்க்கும்போது மாட்டிக்கொள்ளவும் கூடும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. இருபத்தைந்து வருடம் தாண்டிய வாகனத்தில் முன்னைய உரிமையாளர் யாராவது அதை ஏற்கெனவே காலியாக்கியிருக்கவும் கூடும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்தபின் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று கேட்டால் தேன்கூடு உடைந்து கிடக்கிறது, அதன் துண்டுகள் பின்னால் போய்ப் பாதையை அடைக்கும். அப்படியென்றால் முதல் வேலை அதுதான், சத்தம் பிறகு.

கசிவும் அதே மாதிரி. வேலை தொடங்குமுன் நான் முதலில் செய்வது, எஞ்சினை ஓடவிட்டு, தடித்த ஈரத் துணியை மடித்து வால் முனையில் சில செக்கன் அமுக்கிப் பிடிப்பது. கசிவிருந்தால் வேறெங்காவது "சிஸ்" என்று கேட்கும். எங்கே என்று பிடிபடாவிட்டால், ரப்பர் ஹோஸ் ஒரு மீற்றர் எடுத்து ஒரு முனையைக் காதிலும் மற்ற முனையை இணைப்புகளுக்குக் கிட்டவும் பிடித்துக்கொண்டு போவேன். டப்பாவுக்குள் தகடு கழன்றிருக்கிறதா என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டப்பாவில் ஊன்றிப் பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பேன். மட்டக்களப்பு வாவியில் பாடுமீன் கேட்க நிலாவில் தோணியில் போனவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்களே, அதே வித்தை. சத்தம் கெட்டியான பொருளுக்குள்ளால் தெளிவாக வரும். உங்கள் கூட்டாளியின் வாகனத்தில் பாதித் தகரச் சத்தம் இணைப்பில் கசிவதாலேயே இருக்கலாம். ஒக்சிசன் சென்சருக்கு முன்னால் கசிந்தால் இன்னும் மோசம். வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, பெற்றோல் போதாது என்று சென்சர் பொய் சொல்லும், எஞ்சின் பெற்றோலைக் கூட்டும், நீங்கள் லீற்றருக்குக் கிலோமீற்றர் குறைகிறது என்று வேறெங்கோ தேடுவீர்கள்.

காபன் மொனொக்சைட் பற்றி நான் சற்று அழுத்திச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அது நச்சு வாயு, அதற்கு மணமில்லை, நிறமில்லை. குழாயை வாகனத்தின் நடுவயிற்றோடு வெட்டி விடுகிறவர்கள் உண்டு, அப்படி விட்டால் சத்தம் தரையில் பட்டுத் திரும்பி நன்றாகக் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. வாகனம் நிற்கும்போது அந்தப் புகை அடியிலேயே தங்கும், அடித்தட்டின் துரு ஓட்டைகள் வழியே மேலே வரும். கலியாண வீட்டு வாசலில், ஆசுபத்திரி வாசலில், கார்த்திகை மழைக்குக் கண்ணாடி ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் பிள்ளையைத் தூங்கவைப்பவர்கள் நாங்கள். குழாயின் முனை பம்பரைத் தாண்டி வெளியே நிற்கவேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

சட்டத்தில் சைலன்சர் இல்லாமலோ, சத்தத்தைக் குறைக்காத சைலன்சரோடோ றோட்டில் ஓடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்து இருப்பது, புதிதாக யாரும் கொண்டுவந்ததில்லை. எவ்வளவு சத்தம் வரை போகலாம் என்று எனக்கு நானே வைத்திருக்கும் அளவைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பரிசோதனைகளில் குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து, உச்ச சக்தி வரும் சுற்றில் முக்கால் பங்கில் அளப்பார்கள். உங்கள் எஞ்சினுக்கு அது 4200 சுற்றுக்குக் கிட்ட. போனில் இருக்கும் டெசிபல் செயலி காட்டும் எண்ணை நம்பவேண்டாம், ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்து மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்தால் அந்த வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். 4, 5 டெசிபலுக்குள் நின்றுகொண்டு சத்தத்தின் குணத்தை மாற்றுவதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர், வெள்ளாப்பில் வலை இழுத்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, எல்லாரும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் வாகனத்தை நான் பார்க்கவில்லை, அதனால் சில விடயங்களைக் கட்டாயம் நேரில்தான் தீர்மானிக்கவேண்டும். எஞ்சின் ஒயில் குடிக்கிறதா என்பது முதலாவது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால், புதுப் பஞ்சு ஒயிலில் ஊறி சில மாதத்தில் கட்டியாகிவிடும், டப்பாவுக்குச் செலவழிக்குமுன் எஞ்சினுக்குச் செலவழிக்கவேண்டும். உடம்பின் துரு, முன்பு யாராவது குழாய் மாற்றியிருக்கிறார்களா என்பதெல்லாம் சத்தத்தை மாற்றும். ஒரே டப்பாவை இரண்டு 110க்குப் போட்டு இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறேன். வாலில் பூட்டும் பெரிய பளபள முனை சத்தத்தில் செய்யும் மாற்றம் மிகக் குறைவு, அழகுக்கென்றால் போடுங்கள். ரீகண்டிஷன் டப்பா தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போவதென்றால், தூக்கிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் ஆடக்கூடாது. வெட்டி எடுக்கும் பழைய கொம்பனி டப்பாவை மட்டும் வீட்டில் கட்டிவையுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் தனியார் கார்களுக்குத் திறந்தபோதும் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை, இந்தப் பழைய கொரோலாக்களை இன்னும் பல வருடம் ஓடப்போகிறோம், ஒரிஜினல் டப்பா திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

பூட்டிய அன்று கேட்கும் சத்தத்தை வைத்து எதையும் திரும்ப மாற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று கிழமையில் பஞ்சு படியும், உள்ளே கரி பிடிக்கும், சத்தம் சற்றுத் தடித்து நிற்கும். 500 கிலோமீற்றர் ஓடியபின், வாகனம் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது குழாய் இணைப்பின் ஃபிளான்ஜ் நட்டுகளை மறுபடி இறுக்கி, ஈரத் துணி வைத்து ஒருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகும் 70இல் அந்த "ம்ம்ம்" நின்றால், மானியில் எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு கல்லடிக்கு வாருங்கள், கிளைக் குழாயின் நீளத்தை இருந்து பார்த்து வெட்டுவோம்.